நாற்பத்தோராவது நிமிடம்

செவ்வாய்க்கிழமை காலை, நோயாளிகள் உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டிக்கொண்டு கெல்வின் நோஸ்கி நேராக என் அறைக்குள் வந்தான். கதவைக்கூடத் தட்டவில்லை. என் எதிரில் ஒரு கோதுமை விவசாயி சட்டையைக் கழுத்துவரை தூக்கிப் பிடித்து மூச்சை இழுத்து நிறுத்தியிருந்தார்.

“ஃபெயில்,” என்றான் கெல்வின். “என்னை ஃபெயில் பண்ணிட்டானுங்க, நோரீன்.”

“நான் மூச்சை விடலாமா டாக்டர்?” என்று கேட்டார் விவசாயி.

கெல்வின்தான் எங்கள் யாரிங்கல் ஆஸ்பத்திரியின் ஒரே சர்ஜன். நான் இந்த ஊரின் பொது மருத்துவர்களில் ஒருத்தி. சளி, முதுகுவலி, தடுப்பூசி, இதுதான் என் பிழைப்பு. ஆனால் திங்களும் புதனும் இதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு ஆபரேஷன் அறைக்குப் போய் கெல்வினுக்குக் கேமரா பிடிப்பேன். பயிற்சி டாக்டர்கள் யாரும் மெல்பர்னை விட்டு நான்கு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு இங்கே வந்து இருக்கச் சம்மதிப்பதில்லை. அதனால் எங்களைப் போன்ற ஊர்களில் உள்ளூர் டாக்டர்தான் சர்ஜனுக்குக் கைகொடுக்க வேண்டும். நான் கைகொடுக்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருடமாகிறது.

வயிற்றை நீளமாகக் கிழிக்காமல் நான்கைந்து சிறு துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவையும் மற்றவற்றில் நீண்ட கருவிகளையும் விட்டு, குடலில் இருக்கிற புற்றுக்கட்டியை வெட்டி எடுக்கிற வேலை. கருவி அவன் கையில். கண் என் கையில். நான் எதைக் காட்டுகிறேனோ அதை மட்டும்தான் அவன் திரையில் பார்க்க முடியும். இதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்கப்போவதில்லை. ‘மேலே காட்டு, கீழே காட்டு’ என்று கெல்வின் என்னிடம் சொல்லிப் பல வருடம் ஆயிற்று. அவன் மணிக்கட்டு அசைவதற்குள் என் கேமரா அங்கே போய் நிற்கும். வெளியூர் நர்சுகள் வந்தால் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

போன வருடம் மெல்பர்னில் ஒரு குழு புது விதி ஒன்று கொண்டுவந்தது. சின்ன ஊர்களில் இந்த ஆபரேஷனைச் செய்கிற ஒவ்வொருவரும் ஒரு முழு ஆபரேஷனின் படத்தை, ஒரு நொடிகூட வெட்டாமல், அவர்களுக்கு அனுப்ப வேண்டும். பேச்சுச் சத்தத்தை நீக்கிவிடுவார்கள். பேரும் ஊரும் இருக்காது. முகம் தெரியாத இரண்டு சர்ஜன்கள் தனித்தனியே உட்கார்ந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒன்று முதல் நான்குவரை மதிப்பெண் போடுவார்கள். அவர்களுக்கும் பெயர் கிடையாது. மதிப்பீட்டாளர் ஒன்று, மதிப்பீட்டாளர் இரண்டு.

கெல்வின் கொடுத்த காகிதத்தைப் பார்த்தேன். எல்லாக் கட்டத்திலும் மூன்றும் நான்குமாக அள்ளிக் கொடுத்திருந்தார்கள். ஒரே ஒரு வரியில் மட்டும் இரண்டு பேரும் ‘ஒன்று’ போட்டிருந்தார்கள். ‘இடது சிறுநீர்க் குழாயைக் கண்டறிதல்.’ அந்த வரியில் ஒன்று வாங்கினால் மற்றதெல்லாம் நான்கானாலும் தேறாது.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் அந்தக் குழாய் பென்சிலைவிட மெல்லியது. குடலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்க்குக் கிட்டத்தில்தான் ஓடும். அந்த ரத்தக்குழாயை வெட்டுவதற்கு முன்னால் இதைத் தேடிக் கண்டுபிடித்து ஒதுக்கி வைக்க வேண்டும். தவறி வெட்டிவிட்டால் ஒரு சிறுநீரகமே போகலாம். அடையாளம் சுலபம். கருவியின் நுனியால் லேசாகத் தொட்டால் புழு மாதிரி நெளியும். ரத்தக்குழாய் நெளியாது. இந்தத் தொழிலில் இது அரிச்சுவடி.

மதிப்பீட்டாளர் இரண்டு கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘நாற்பத்தோராவது நிமிடத்தில் கேமரா நகர்ந்துவிடுகிறது, குழாய் பார்க்கப்பட்டதாகத் தெரியவில்லை.’

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கேமரா நகர்ந்துவிடுகிறதாம். என் கேமரா!

மத்தியானம் ஆஸ்பத்திரித் தேநீர் அறையில் இதே பேச்சுதான். ஆபரேஷன் அறைத் தலைமை நர்ஸ் ட்ரூடி பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

“நானூறு கேஸ் பண்ணியிருக்கேன்,” என்றான் கெல்வின். “ஒரு குழாய்ல ஒரு கீறல் உண்டா? சொல்லு ட்ரூடி, உண்டா?”

“இல்ல கெல்வின். எனக்குத் தெரிஞ்சு நீங்க கீறினது போன வருஷம் என் காரைத்தான்.”

“நான் சொல்றேன் என்ன நடந்துச்சுன்னு,” என்றேன் நான். “முப்பது வருஷம் வண்டி ஓட்டினவனைக் கொண்டுபோய் லைசென்ஸ் டெஸ்ட்ல உட்கார வை. கட்டாயம் ஃபெயில் ஆவான். கண்ணாடியைக் கண்ணால பாத்தா பத்தாது, பாக்குறேன் பாருன்னு தலையைத் திருப்பிக் காட்டணும். நாம காட்டல. அவ்வளவுதான். அவன் ஒரு பார்வைல கண்டுக்கிட்டான், நான் அடுத்த இடத்துக்குப் போயிட்டேன். இந்த ஒண்ணும் ரெண்டும் நிறுத்தி நிதானமா நாடகம் எதிர்பாத்திருக்குதுங்க.”

“அப்ப கெல்வினுக்கு ஒரு மஞ்சள் எல் போர்டு வாங்கிடலாம்,” என்றாள் ட்ரூடி.

கெல்வின் சிரிக்கவில்லை. மேல்முறையீட்டுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வரைதான் தவணை, அதற்குள் எல்லாம் போய்ச் சேர வேண்டும் என்றான். தோற்றால் அடுத்த ஆறு ஆபரேஷனுக்கு வெளியூர் சர்ஜன் ஒருவர் பக்கத்தில் நின்று கண்காணிக்க வேண்டும். அந்த ஆள் கிடைக்கும்வரை எங்கள் ஊர்க்காரர்கள் மெல்பர்னுக்குத்தான் ஓட வேண்டும். ஜெயிப்பதற்கு வழி ஒன்றுதான். ஆபரேஷன் அறையில் இருந்த ஒரு டாக்டர், ‘குழாயை நான் என் கண்ணால் பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“நீதான் போடணும்,” என்றான்.

“இதுக்குக் கேக்கணுமா? இப்பவே குடு.”

அவன் இன்னும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் அங்கேயே போட்டிருப்பேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்த நிமிடம், எந்த நொடி என்று வாக்குமூலத்தில் துல்லியமாகக் குறிக்க வேண்டும் என்பது என் எண்ணம். அந்த ஒன்றையும் ரெண்டையும் வாயடைக்க வைக்க வேண்டாமா? கூட்ட அறையில் கணினியைத் திறந்து படத்தை ஓடவிட்டேன். பக்கத்து மைதானத்தில் கால்பந்து. எங்கள் ஊர் கோல் போடும்போதெல்லாம் மைதானத்தைச் சுற்றி நிறுத்தியிருந்த கார்கள் மொத்தமாக ஹாரன் அடித்தன.

படத்தில் இருந்த வயிறு மெர்ல் டகனுடையது. கடைத்தெருவில் பேக்கரி வைத்திருப்பவள். அவளே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டு, ‘என் குடல் மெல்பர்ன் போகுது, நான் போனதில்ல’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நாற்பத்தோராவது நிமிடம் வந்தது. கெல்வினின் இடுக்கி குடலைத் தாங்கும் சவ்வைத் தூக்குகிறது. அடியில் வெள்ளையாக ஒரு கோடு. கேமரா நகர்கிறது. அடுத்த நொடி ரத்தக்குழாயில், வெட்டுவதற்கு முன் ரத்தத்தை அடைக்கிற கிளிப். எல்லாம் சேர்த்து நான்கு நொடி. ‘இதோ இருக்குதே, குருட்டுப் பசங்களா’ என்று வாய்விட்டுச் சொன்னேன். நொடியைக் காகிதத்தில் குறித்துக்கொண்டேன்.

இன்னொரு முறை போட்டேன், மெதுவாக. அந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு சிவப்பு நிழல் ஓடியது. குழாய்க்கு அப்படி இருக்காது. மூன்றாவது முறை கெல்வினின் இரண்டு கருவிகளையும் பார்த்தேன். ஒன்று சவ்வைத் தூக்கிக்கொண்டிருந்தது. மற்றொன்று ரத்தக்குழாயின் பக்கம் போய்க்கொண்டிருந்தது. இரண்டில் எதுவும் அந்தக் கோட்டைத் தொடவில்லை. தொடாததால் அது நெளியவுமில்லை.

படத்தை மேலே ஓட்டினேன். ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில், வேறு எதற்காகவோ சவ்வை விலக்கியபோது, சிறுநீர்க் குழாய் தானாகவே தலைகாட்டியது. கருவி தெரியாமல் உரசியது. அது நெளிந்தது. நாங்கள் வெட்டிய இடத்திலிருந்து ஒரு விரல் அகலம்கூட இல்லை. முதலில் நான் பார்த்த வெள்ளைக் கோடு பக்கத்தில் போகிற ஏதோ ஒரு ரத்தக்குழாய்.

வெளியே ஹாரன்கள் அலறின. நான் கேமராவை நகர்த்தினேன், ஏனென்றால் கெல்வின் பார்த்துவிட்டான் என்று நினைத்தேன். கேமராதான் நகர்ந்துவிட்டதே, பிறகு அவன் எதால் பார்த்திருப்பான்? அவனுக்கு அங்கே வேறு கண் கிடையாது. நோரீன் போய்விட்டாள், அப்படியென்றால் பார்த்துவிட்டாள் என்று அவன் வெட்டியிருக்கிறான். யாருமே பார்க்கவில்லை. பத்தொன்பது வருடம் பேசாமல் வேலை செய்யப் பழகியதில், எத்தனை முறை இப்படி யாருமே பார்க்காமல் வெட்டியிருப்போம் என்று நினைத்துப் பார்த்தேன். நினைக்க முடியவில்லை. கணினியை மூடிவிட்டு வீட்டுக்குப் போய் நாய்க்குச் சோறு வைத்தேன்.

ஞாயிறு முழுக்க எனக்குள்ளேயே வழக்காடினேன். மெர்ல் நன்றாக இருக்கிறாள். அந்த நான்கு நொடியை இனி யாரும் உட்கார்ந்து ஆராயப்போவதில்லை. நான் கையெழுத்துப் போட்டால் கெல்வின் தப்புவான், ஊரும் தப்பும். போடாவிட்டால் ஐம்பத்து நான்கு வயதில் அவன் கற்றுக்குட்டி மாதிரி நிற்க வேண்டும், அதற்கு நான் காரணம் ஆவேன். சத்தியமாகச் சொல்கிறேன், போட்டுவிடலாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

திங்களன்று காலை பேக்கரிக்கு ரொட்டி வாங்கப் போனேன். மெர்ல் கல்லாப் பெட்டியை விட்டுவிட்டு ஓடி வந்து என் கையில் க்ரீம் வைத்த வெனிலா ஸ்லைஸ் ஒன்றைத் திணித்தாள்.

“கெல்வினை ஃபெயில் பண்ணிட்டாங்களாமே! என் வயித்தை வச்சா? நான் பேப்பர்ல எழுதப் போறேன், ஆமா.”

“வேணாம் மெர்ல்.”

“ஏம்மா வேணாம்? மெல்பர்ன்ல பெரிய ஆஸ்பத்திரில பண்ணியிருந்தா யாரு என்னைக் கவனிச்சிருப்பா? இங்க நீங்க ரெண்டு பேரு. உள்ள நாலு கண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. அந்தத் தைரியத்துலதான நான் படுத்தேன்.”

ஸ்லைஸைக் காரில் மடியில் வைத்துக்கொண்டு அழுதேன்.

புதன்கிழமை ஆபரேஷன் எல்லாம் முடிந்தபிறகு கெல்வின் தன் அறையில் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினான். ‘நாற்பத்தோராவது நிமிடத்தில் இடது சிறுநீர்க் குழாயை நாங்கள் இருவரும் தெளிவாகக் கண்டோம்.’ கீழே அவன் கையெழுத்து. பக்கத்தில் எனக்கு ஒரு கோடு.

“படத்தைப் பாத்தியா நீ?” என்றேன்.

“எதுக்கு? நான்தான அங்க இருந்தேன்.”

“எனக்காக ஒரு தடவை பாரு.”

“நோரீன், நாளை மறுநாள் கடைசித் தேதி. போடப் போறியா இல்லையா?”

“பாத்துட்டுச் சொல்லு, போடறேன்.”

அவன் முகம் சிவந்துவிட்டது. “ஓ. நீயும் மூணாவது மதிப்பீட்டாளர் ஆயிட்டியா? உன் கேமரா நகர்ந்ததுக்குத்தான் எனக்கு ஃபெயில் போட்டிருக்கான். ஒரு நாளாவது உன்னைக் குத்தம் சொன்னேனா நான்?”

“சொல்லல. சொல்லியிருக்கணும். பத்தொம்பது வருஷமா நீ சொல்லல, நான் கேக்கல. அதுதான் இப்ப வந்து நிக்குது.”

நானே கணினியைத் திருப்பி வைத்துப் படத்தை ஓடவிட்டேன். நாற்பத்தொன்று. இடுக்கி சவ்வைத் தூக்குகிறது, வெள்ளைக் கோடு.

“அதோ!” என்று திரையில் விரலை வைத்தான். “அது என்னவாம்?”

“தொடு.”

“என்ன?”

“நீ அதைத் தொடறியா பாரு. நெளியுதா பாரு.”

கேமரா நகர்ந்தது. கிளிப் விழுந்தது. கெல்வின் விரலை எடுத்துக்கொண்டு, தானே பின்னுக்கு ஓட்டி மறுபடி பார்த்தான். பிறகு மறுபடி. நான்காவது முறை நான் ஒரு மணி பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டேன். குழாய் நெளிந்தது. அவன் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டான். அவன் அப்பா இறந்த வாரம்கூட நான் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

“நீ பாத்துட்டேன்னு நினைச்சேன்,” என்றான் மெல்ல.

“நான் நீ பாத்துட்டேன்னு நினைச்சேன்.”

அவன் மேல் எனக்கு அந்த நேரத்தில் வந்த பாசம் அதற்கு முன் எப்போதும் வந்ததில்லை. கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை. காகிதத்தை எடுத்து இழுப்பறைக்குள் வைத்து மூடினான்.

“மெர்லுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லணும். வர்றியா?”

பேக்கரியில் கதவைச் சாத்தும் நேரத்துக்குப் போனோம். கெல்வின் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் வெட்டினேன், உன் சிறுநீர்க் குழாய் அடிபடாமல் போனது அதிர்ஷ்டம்தான் என்று சுற்றி வளைக்காமல் சொன்னான். மெர்ல் கையில் இருந்த துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவள்தான்.

“இப்ப அந்தக் குழாய் நல்லாருக்கா?”

“நல்லாருக்கு. ஆபரேஷனுக்கு அப்புறம் எடுத்த ஸ்கேன்ல பாத்துட்டோம்.”

“அப்ப என்கிட்ட நின்னு என்ன பண்றீங்க? போங்க. அடுத்தவளுக்காவது ஒழுங்கா பாருங்க.”

விளக்கை அணைத்துவிட்டாள். மூன்று வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மேல்முறையீடு போகவில்லை. கண்காணிக்க ஆள் கிடைக்க ஏழு வாரம் ஆயிற்று. அதற்குள் எங்கள் ஊர்க்காரர்கள் மூன்று பேர் மெல்பர்னுக்குப் போய் வந்தார்கள். ஒருவரின் மனைவி சூப்பர்மார்க்கெட்டில் என்னைப் பார்த்ததும் வண்டியை வேறு பக்கம் தள்ளிக்கொண்டு போனாள். கெல்வினும் இதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டான். பெண்டிகோ நகரத்திலிருந்து மிஸ் வுகோவிச் என்று ஒரு சர்ஜன் வந்தாள். கெல்வினைவிடப் பதினைந்து வயது சின்னவள். கேமராவுக்கு வேறு ஆளைப் போட்டுக்கொள் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

“வேற எவனையாவது போட்டா எனக்குச் சுலபம்,” என்றான் கெல்வின். “உன்கூட ஒழுங்கா செய்யக் கத்துக்கணும்.”

முதல் ஆபரேஷன் அன்று அறைக்கதவில் மஞ்சள் எல் போர்டு ஒட்டியிருந்தது. ட்ரூடியை முறைத்தேன். அவள் இரண்டு கைகளையும் தூக்கி, கண்ணால் கெல்வினைக் காட்டினாள். பெட்ரோல் பங்கில் அவனே வாங்கி வந்து ஒட்டியிருக்கிறான்.

சவ்வைத் தூக்கினான். என் மணிக்கட்டு பழக்க தோஷத்தில் அடுத்த இடத்துக்குப் போகத் துடித்தது. இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“நோரீன், காட்டு,” என்றான் கெல்வின், செவிடனிடம் பேசுகிற மாதிரி உரக்க. “இன்னும் கீழ. கொஞ்சம் கிட்ட. நில்லு.”

கருவியின் நுனியால் தொட்டான். ஒன்றும் நடக்கவில்லை. “இது இல்ல,” என்றான். இன்னும் கொஞ்சம் விலக்கினான். மறுபடி தொட்டான். அது நெளிந்தது.

“பாத்தியா?”

“பாத்தேன்.”

“நானும் பாத்தேன். மிஸ் வுகோவிச், நீங்க?”

“பாத்தேன்,” என்றாள் அவள். பிறகு ஆச்சரியத்தோடு கேட்டாள்: “எப்பவுமே நீங்க ரெண்டு பேரும் இப்படித்தான் பேசிக்கிட்டே செய்வீங்களா?”

ட்ரூடி முகமூடிக்குள் தும்முவது போல ஒரு சத்தம் எழுப்பினாள். கெல்வின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “இன்னைலேருந்து,” என்றான்.

பத்தொன்பது வருடத்தில் ‘பாத்தியா’ என்று அவன் என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை. என் கண் கலங்கியது, துடைக்கக் கை இல்லை. போகலாம் என்று அவன் வாயைத் திறந்து சொல்கிறவரை கேமராவை அங்கேயே வைத்திருந்தேன்.